உறை பிரியாத மிட்டாய்

ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் நாங்கள் குடியேறிய புதிதில் அக்கம்பக்கத்தார் சொல்லித்தந்த விதிகளில், புல்வெட்டுவதற்கும் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பதற்கும் அடுத்தபடியாக ஹாலோவீன் மிட்டாய் பற்றிய விதி இருந்தது. அந்த விழாவான அக்டோபர் 31 இரவு பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று வாங்கி வருவதைப் பெற்றோர் சோதித்த பிறகே உண்ணக் கொடுக்க வேண்டும்; உறை பிரிந்ததையும் வீட்டில் செய்ததையும் எறிந்துவிட வேண்டும். காரணம் கேட்டால், ஆப்பிளுக்குள் பிளேடு, சாக்லேட்டுக்குள் ஊசி, முகமறியாத யாரோ கலந்த நஞ்சு என்று அடுக்குவார்கள். எந்த ஊரில், யார் பிள்ளைக்கு என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும்.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியலாளர். 1958 முதலான நாளிதழ்ச் செய்திகளைத் துருவி, ஜெரால்ட் ஹொரியூச்சியுடன் சேர்ந்து 1985இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்நியர் கொடுத்த தின்பண்டத்தால் ஒரு குழந்தையேனும் இறந்ததற்கோ கடுமையாகக் காயமுற்றதற்கோ சான்று கிடைக்கவில்லை. வெளிவந்த புகார்களில் பல வெறும் குறும்பாக முடிந்தன. ஆயினும் 1982 இலையுதிர் காலத்தில் சிகாகோ பகுதியில் சயனைடு கலந்த டைலினால் என்னும் வலிநிவாரணி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தபோது, மருந்துக்கடையில் தோன்றிய அச்சம் மிட்டாய்ப் பையின் மீதும் படிந்தது. பிள்ளைகளின் மிட்டாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தரச் சில மருத்துவமனைகள் முன்வந்தன.

மெய்யாகவே நஞ்சூட்டப்பட்ட ஒரு சிறுவனின் கதை இதே ஹூஸ்டன் வட்டாரத்தில்தான் நடந்தது. 1974 ஹாலோவீன் இரவில் டீர் பார்க் என்னும் ஊரைச் சேர்ந்த எட்டு வயதுப் பையன் சயனைடு கலந்த இனிப்புத் தூளைத் தின்று இறந்தான். கொடுத்தவர் அந்நியர் அல்லர். காப்பீட்டுப் பணத்துக்காக அதைச் செய்தவர் அவனைப் பெற்ற தகப்பன் ரொனால்ட் ஓபிரையன். பழி ஊரார் மீது விழட்டும் என்று வேறு சில பிள்ளைகளிடமும் அதே நஞ்சைக் கொடுத்திருந்தார். நல்லவேளையாக அவர்கள் தின்னவில்லை. 1984இல் டெக்சாஸ் அவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. ஊரில் உலவிய வதந்தியையே அவர் மறைவிடமாக்கிக்கொண்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இன்றும் அந்த வழக்கைக் காட்டியே அந்நியரைக் குறித்து எச்சரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

குடியேறியவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு, ஏனெனில் இந்தத் தெருவில் அந்நியர் நாங்களே. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அதிரசமும் முறுக்கும் செய்து, வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தார். கொடுத்தால் குப்பைக்குத்தான் போகும் என்று அவரிடம் சொல்ல என் மனைவிக்கு மனம் வரவில்லை, நான்தான் சொன்னேன். அவற்றைத் தெரிந்த குடும்பங்களுக்கு அனுப்பிவிட்டு, வாசலில் கடைச் சாக்லேட்டை வைத்தோம்.

அந்த இரவின் உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் வாகனம் மோதிப் பாதசாரிகள் இறக்கும் வாய்ப்பு அதையொட்டிய மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு அதிகம் என்று கண்டனர்; நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பல மடங்கு. ஆகவே எங்கள் பிள்ளைகளின் கறுப்பு அங்கிகளில் ஒளி பட்டால் மின்னும் பட்டைகளை ஒட்டி, கையில் டார்ச்சும் கொடுத்து, நானும் உடன் நடக்கிறேன். வீடு திரும்பியதும் பையைக் கொட்டிச் சோதிப்பதையும் விட்டுவிடவில்லை; இளையவளுக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்பதால், உறைகளில் அச்சிட்ட சேர்மானப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.