துடைக்கத் தெரிந்த கை

பழைய கார்களின் உட்புற வேலைக்கு வந்த புதிதில் என் கையில் முதலில் கொடுத்தது பிரஷ் இல்லை. ஒரு பனியன் துணியும் பழைய விசிட்டிங் கார்டும்தான். டேஷ்போர்டு குமிழ்களில் செதுக்கியிருக்கும் எழுத்துகளுக்கு வெள்ளை ஏற்ற வேண்டும். விளக்குக்கு ஓர் எழுத்து, சோக்குக்கு ஓர் எழுத்து, ஒவ்வொன்றும் எறும்பு அளவு. நான் பட்டறையிலேயே மெல்லிய பிரஷ்ஷைத் தேடி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்த மூத்த பெயின்டர் சிரித்துவிட்டார். "உன்னை யாருப்பா எழுதச் சொன்னா? எழுதினவன் எப்பவோ எழுதிட்டுப் போயிட்டான். நீ ரொப்பு, துடை. அவ்வளவுதான்."

அந்தத் துடைப்பதைக் கற்கத்தான் மாதக்கணக்கில் ஆனது. எனாமலைப் பல்குச்சி நுனியால் எடுத்துப் பள்ளத்தில் விட வேண்டும். சுற்றிலும் அப்பிக்கொண்டால் பரவாயில்லை. லேசாக ஆடை கட்டும்வரை காத்திருந்து துடைக்க வேண்டும். துணியை விரலில் சுற்றித் துடைத்தால் விரலின் சதை பள்ளத்துக்குள் இறங்கி, உள்ளே இருப்பதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். அதற்குத்தான் விசிட்டிங் கார்டு. அதன்மேல் துணியை இறுக்கிச் சுற்றி, டர்பன்டைனில் நனைத்தும் நனைக்காமலும் வைத்துக்கொண்டு, எழுத்துக்குக் குறுக்காக ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்குத் துணியின் புது முகம். பழைய முகத்தாலேயே இழுத்தால் குமிழ் முழுக்கப் பால் தெளித்த மாதிரி ஆகிவிடும்.

ஒருநாள் டர்பன்டைன் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் லேக்கர் தின்னர் இருந்தது. கறுப்புக் குமிழ்கள் இரண்டையும் அதைக் கொண்டே துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்துவிட்டது. மூன்றாவது, க்ரீம் நிறக் குமிழ். துணி வழுக்கிக்கொண்டு போகாமல் ஒட்டியபோதே வயிற்றைக் கலக்கியது. பதற்றத்தில் விரலால் தொட்டேன். என் கட்டைவிரல் ரேகை அப்படியே அதில் பதிந்துவிட்டது.

கறுப்பு இரண்டும் பேக்லைட். லியோ பேக்லண்ட் 1907-இல் கண்டுபிடித்து 1909-இல் காப்புரிமை பெற்ற பிசின் அது. ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் மறுபடி உருகாது, தின்னருக்கும் மசியாது. க்ரீம் குமிழ் வேறு ஜாதி பிளாஸ்டிக், தின்னர் பட்டால் கரைவது. இப்போது எந்தக் குமிழ் வந்தாலும் முதலில் வெந்நீரில் காட்டி முகர்ந்து பார்ப்பேன். கார்பாலிக் நெடி அடித்தால் பேக்லைட். அப்போதும் பின்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் முன்பக்கம் போவதில்லை. அந்த ரேகையை 2000 நம்பர் எமரித் தாளால் தேய்த்து எடுத்துப் பாலிஷ் போட்டேன். வண்டிக்காரர் கண்ணில் படவில்லை. குமிழ் ஒரு மயிரிழை இளைத்திருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

வெள்ளை என்றேனே, அது வெள்ளையும் இல்லை. டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் கிழவர் வாயில் புதுப் பல்செட் மாதிரி பளீரென்று நிற்கும். ஒரு துளி காவி மஞ்சள், அதைவிடக் குறைவாகப் பழுப்பு. புத்தம் புதிதாக வேண்டும் என்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது இரண்டு மாதிரி செய்து காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

1930-களின் அமெரிக்க கார்கள் பலவற்றில் டேஷ்போர்டு தகடுதான். மரம்போலத் தெரிவதெல்லாம் பெயின்ட். அங்கேயும் கதை இதேதான். வெளிர் நிறத்தின்மேல் அடர் பழுப்பை மெல்லியதாகப் பூசி, ஈரம் போவதற்குள் காய்ந்த பிரஷ்ஷால் இழுத்து எடுத்தால் ரேகை தானாக வரும். ரேகையை ஒவ்வொன்றாக வரைந்தவனின் மரம் வரிக்குதிரையாகிவிடும்.

நான் கை வைக்காதவை இரவில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய மீட்டர் முகங்கள். இப்போது ஒளிராது, ஆனால் செத்தது அதில் ஒளியைத் தந்துகொண்டிருந்த துத்தநாக சல்பைடு மட்டும்தான். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் வேண்டும். 1920-களில் அமெரிக்காவில் கடிகார முகங்களுக்கு அந்தப் பெயின்ட்டைத் தீட்டிய பெண்கள், முடி கூர்மையாக வேண்டும் என்று பிரஷ்ஷை உதட்டில் வைத்துச் சப்பியதால், பலர் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். எனக்கும் அதே பழக்கம் இருந்தது, வெறும் எனாமல்தானே என்று. அதைப் படித்த அன்றோடு விட்டேன்.

சமீபத்தில் ஒரு கதவுப் பட்டையைக் கழற்றினேன். முன்பக்கம் ஓடும் தங்கநிறக் கோட்டை மறுபடி போட வேண்டும். திருப்பினால் பின்பக்கத்தில் அதே தங்க நிறத்தில் நாலைந்து சிறு இழுப்புகள். முதல் இரண்டு தடிமன், மூன்றாவது நடுவில் அறுந்திருந்தது, கடைசி இரண்டும் முன்பக்கக் கோட்டின் அதே அகலம். வண்டி செய்த நாளில் யாரோ பிரஷ்ஷைப் பழக்கிப் பார்த்திருக்கிறார். துருவுக்காகப் பின்பக்கத்தைத் தேய்த்துப் பிரைமர் அடிப்பதுதான் வழக்கம். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்றதை அடித்தேன். வண்டிக்காரரிடம் சொன்னேன். "சரி, சரி, எப்ப முடியும்?" என்றார்.