கொப்பியில் கிடந்த நாடகங்கள்

1981இல் யாழ். பொது நூலகம் எரிந்ததை நினைக்கும்போதெல்லாம் 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்கிறோம். எங்கள் நாடகக்காரர் அந்தக் கணக்கில் அதிகம் வரமாட்டார்கள். அவர்களுடைய எழுத்து அச்சேறியது குறைவு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுக் கொப்பியிலும் நடிகரின் தொண்டையிலும்தான் அது இருந்தது. நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடி நடித்த 'மயான காண்டம்' நாடகத்துக்குச் சனம் கதை கேட்கவா போனது? அரிச்சந்திரன் கதை ஆருக்குத்தான் தெரியாது! அந்தக் குரலுக்காக விடியவிடிய இருந்தார்கள்.

2025இல் மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊரூராகப் போனது. 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையுமளவு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் ஒரு திரி: வெளிச்சம் அவ்வளவுதான். பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த காலம். போரால் யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் 30 இடம்பெயர்வில் பையில் ஏறியது மட்டும் தப்பியது.

அப்படித் தப்பியவை சில இப்போது லண்டனிலும் ரொறன்ரோவிலும் அலுமாரிகளில் கிடக்கக்கூடும். தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. செலோரேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். தாள்களைப் பிணைத்த துருப்பிடித்த கம்பியை இழுக்காமல், பின்புறக் கால்களை நிமிர்த்திவிட்டுக் கழற்றுங்கள். ஸ்கான் செய்வது வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளியாவது. சிறிய படங்களுக்கு 600. மட்டையையும் வெறும் பக்கத்தையும் விடவேண்டாம், நடிகர் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலில் இருக்கும்.

கசெட் என்றால் முதலில் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிவாகாது. 90 நிமிட நாடா மெல்லியது, இழுபடும்; திரும்பத் திரும்ப ஓடவிடாமல் ஒரே ஓட்டத்தில் கணினிக்கு மாற்றவேண்டும். குரல் அமுங்கிக் கேட்டால் நாடா கெட்டுப்போனதென்று எறிந்துவிடாதீர்கள். நாடா வெளியே தெரியும் விளிம்பின் நடுவில், அதை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு கழன்றிருக்கக்கூடும். திருகாணி போட்ட வேறொரு கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரி.

கோப்புகளை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். 2005 முதல் இந்த வேலையைச் செய்கிறார்கள். அனுப்பமுன் படத்தில் நிற்பவர்களின் பெயரை மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அரிச்சந்திரன் யாரென்று உடனே சொல்வார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், ஒப்பனை, பெற்றோல்மக்ஸ் விளக்குக்குக் காற்றடித்தவர் ஆகியோரை நாங்கள்தான் விடாமல் கேட்கவேண்டும்.