தீர்ந்தது என்று வரும்வரை

டிசம்பர் 9, 2024, திங்கள்

கிரிப் ரிப்போர்ட், அதாவது யார் எங்கே கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று கடன் தகவல் பணியகம் பதிந்து வைத்திருக்கிற ரிப்போர்ட், வந்துவிட்டது. என் புள்ளி 318.

ஆகக் குறைந்தது 250, ஆகக் கூடியது 900 என்று வங்கி மிஸ் சொன்னார். அப்படியென்றால் சும்மா இருந்தவனுக்கும் 250 உண்டு. பதினாறு வருஷம் மரக்கறி லொறி ஓட்டி நான் சேர்த்தது 68. வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

டிசம்பர் 10

மூன்றாம் பக்கத்தை இன்றைக்கு எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. செப்டம்பரில் லொறிக் கடனின் கடைசிக் காசையும் கட்டி, முழுதும் தீர்ந்தது என்று கடன் கொடுத்த கம்பெனியிடம் கடிதமும் வாங்கியாகிவிட்டது. கடிதம் அலுமாரியில், மகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற அதே உறையில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் இன்னும் நிலுவை என்றே கிடக்கிறது.

இதே கணக்கு அக்கா புருஷன், அத்தானுடைய ரிப்போர்ட்டிலும் இருக்கும். பிணைக் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்த லொறியில் ஒருநாள் ஏறி உட்கார்ந்தது கூட இல்லை மனுஷன்.

டிசம்பர் 12

இராகலையில், ஏலத்தில் போன என் லொறியைப் பார்த்தேன். நீலம் அடித்திருக்கிறார்கள். நெற்றியில் மகளின் பெயர் இருந்த இடத்தில் சிங்களத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. வெலிமடையில் மதிலில் இடித்த நெளிவை மட்டும் இன்னும் தட்டி எடுக்கவில்லை. எனக்கு ஏனோ அது சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 16

கம்பெனிக்கு நான்கு தடவை அழைத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு பொடியன். ஒவ்வொருவனுக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசிப் பொடியன், "சிஸ்டத்தில் போட்டாச்சு அண்ணே, வந்துரும்" என்றான். அக்டோபரிலும் இதே 'வந்துரும்'தான்.

கிரிப்காரர்களிடமே நேரே எழுதிக் கொடுத்தால் என்ன என்று மிஸ்ஸிடம் கேட்டேன். முறைப்பாடு கொடுக்கலாமாம், ஆனால் அவர்களாக ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டார்களாம். தகவல் கொடுத்த கம்பெனி திருத்தி அனுப்பினால்தான் மாறும். கடன் கொடு, கொடுக்காதே என்றும் கிரிப் சொல்வதில்லையாம். அது கொப்பியைக் காட்டும், முடிவெடுப்பது வங்கி. சரி. எங்கள் டவுன் கடை முதலாளியின் கடன் கொப்பியும் அப்படித்தான். சிவப்புக் கோடு போட்டு அடித்த கணக்கையும் வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம்.

டிசம்பர் 21

டிவியில் நல்ல செய்தி. நாடுகளுக்குக் கடன் தரம் போடும் ஃபிட்ச் நிறுவனம் நம் நாட்டின் தரத்தை நேற்று உயர்த்தி சிசிசி பிளஸ் ஆக்கிவிட்டதாம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்று அறிவித்த நாடு. நாட்டுக்குக் கடன் கொடுத்த பிணைமுறிக்காரர்கள் முதல் தொகையில் நூற்றுக்கு 27 கழித்துக்கொடுக்க ஒத்துக்கொண்டு, புதுப் பத்திரமும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தண்ட வட்டியில் பாதியைக் கழிக்க ஒன்றரை வருஷம் படிக்கட்டில் உட்கார வைத்தார்கள்.

நாடு வங்குரோத்து என்றால் எல்லோரும் சத்தமாகப் பேசலாம். டீக்கடையில் கூடச் சண்டை போடலாம். என்னைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் போனால் பேச்சை மாற்றுவார்கள்.

டிசம்பர் 25

மழை. மண் சரிந்து பாதை மூடல். தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் போகவில்லை.

டிசம்பர் 28

கீழ் லயத்து வரிசை வீட்டு அக்கா ஒருவர் புதுச் சீட்டு ஆரம்பிக்கிறார். பன்னிரண்டு பேர், மாதம் ஐயாயிரம். எங்கள் வீட்டைத் தவிர மேல்வரிசையில் எல்லா வீட்டுக்கும் வந்து கேட்டிருக்கிறார். வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, மாவைப் போட்டு ரொட்டிக்குப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த அக்காவுக்குக் கொழும்பிலிருந்து ரிப்போர்ட் வரத் தேவையில்லை.

நித்திரை வரவில்லை. எந்த இடத்தில் பிழை போனது என்று கணக்குப் பார்க்கிறேன். 2020இல் கொரோனாச் சலுகை என்று ஆறு மாதம் கட்ட வேண்டாம் என்றார்கள். வட்டி சலுகை எடுக்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2021இல் உரம் நின்றது. கந்தப்பளை லீக்ஸ் சுண்டுவிரல் தடிப்பில் வந்தது, ஏற்ற மூட்டை இல்லை. தவணை ஒன்று தவறி, இரண்டு தவறி. அப்புறம் 2022 ஜூன். டீசல் லீட்டர் 460 ரூபா, அந்த விலைக்கும் இல்லை. டீசல் லைனில் மூன்று இரவு. பின்னால் ஏற்றியிருந்த கோவா (முட்டைக்கோஸ்) அவிந்து நாறத் தொடங்கியது. லைனில் நின்ற மாட்டுக்காரர் ஒருவர் வந்து, "தம்பி, எப்படியும் வீசத்தானே போறீங்க, மாட்டுக்குக் குடுங்களேன்" என்றார். கொடுத்தேன். நான் உருப்படியாகச் செய்த கடைசி டெலிவரி அதுதான்.

அப்போதே லொறியை நானாகக் கொண்டுபோய் விட்டிருந்தால்? இல்லை, ஓடினேன். சீஸ் பண்ண, அதாவது கடனுக்கு லொறியைப் பறித்துப் போக வருகிறவர்களுக்குப் பயந்து அதைப் பண்டாரவளையில் ஒரு மடுவத்தில் ஒளித்து வைத்தேன். பதற்றத்தில் ஐந்து இடத்தில் கடன் கேட்டேன். அந்த ஐந்து விசாரிப்பும் திகதியோடு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டுக் கிடைக்காததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்த இரண்டு செக்கும் இருக்கிறது.

ஜனவரி 3, 2025

மிஸ் சொன்ன வழி: 50,000 ரூபாவை நிரந்தர வைப்பில் போட்டு, அதைப் பிணையாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு. கொஞ்சமாக வாங்கி, திகதிக்கு முன்னால் முழுதாகக் கட்ட வேண்டும். என் காசை வைத்து, என் காசையே கடனாக வாங்கி, அதைக் கட்டி நல்ல பெயர் எடுக்க வேண்டும். அவளுடைய இரண்டு காப்பு அடகில் இருக்கும்போது இதற்குப் போய் 50,000. கேட்கவே வெட்கமாக இருந்தது. "போடுங்க" என்றாள்.

ஜனவரி 7

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. உருளைக்கிழங்குச் செடி கருகிவிடும். முதலாளிக்குக் கவலை. எனக்கு இந்தத் தடவை அந்தக் கவலை இல்லை, சம்பளக்காரன்.

ஜனவரி 14, பொங்கல்

அக்கா வீட்டில். வழக்கம்போல அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்த இரண்டரை வருஷமும் வேறு மாதிரிப் போயிருக்கும்.

சுவர் எழும்பி நிற்கிறது, மேலே தகரம். கூரைக்கு கொங்கிரீட் போட வங்கியில் கடன் கேட்டு எழுதிக் கொடுத்தார், கார்த்திகையில். என்னாச்சு என்று கேட்டேன். "பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. புறப்படும்போது அக்கா கேட் வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "வேண்டாம்னே சொல்லிட்டாங்கடா. பழைய பிணை ஒண்ணு நிக்குதாம்."

பஸ்ஸில் வரும்போது பொங்கல் டப்பா சூடாகத் தொடையில் இருந்தது.

ஜனவரி 15

318 எனக்கு எப்படியும் போகட்டும். 400 ஆக எத்தனை வருஷமானாலும் சரி. அத்தானுடையது மாற வேண்டும்.

ஜனவரி 20

கார்டில் முதல் தடவை: ஃபார்மசியில் 2,340 ரூபா. பின்னேரமே போய் மெஷினில் கட்டிவிட்டேன். பில் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று மிஸ் சிரித்தார். இருக்கட்டும்.

ஜனவரி 24

கம்பெனிக்குப் பதிவுத் தபால் போட்டு ஒன்பது நாள். பதில் இல்லை.

பிற்பகல் திரும்பவும் நீல லொறி. கந்தப்பளை ஏற்றத்தில், கரட் லோடு. இரண்டாம் கியரில் அழுகிறது. கிளட்ச் போகப் போகிறது, அவனிடம் யார் சொல்வது.

பிப்ரவரி 1

இன்றிலிருந்து வாகன இறக்குமதி திறக்கிறார்கள். ஸ்டாண்டில் வேறு பேச்சே இல்லை. 2020இல் மூடியதிலிருந்து பழைய லொறிக்கெல்லாம் தங்க விலை. அப்படிப்பட்ட காலத்தில் என் லொறியை ஏலத்தில் என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. விற்றும் கடன் மிஞ்சியது.

பிப்ரவரி 5

கம்பெனியிலிருந்து அழைப்பு! கண்டிக் கிளைக்குக் கடிதத்தின் ஒரிஜினலோடு நேரில் வர வேண்டுமாம். பிணையாளியின் அடையாள அட்டைப் பிரதியும் வேண்டுமாம். அத்தானிடம் எப்படிக் கேட்பது என்று மாலை முழுக்க யோசித்து, அக்காவுக்கு எடுத்தேன். பின்னால் அவர் குரல்: "பிரதி எதுக்கு, நானே வாறேன்னு சொல்லு."

கண்டி வரை பக்கத்துப் பக்கத்து சீட்டில். என்ன பேசுவேன்?

காலை ஐந்தரை பஸ். போட்டோ கொப்பி மூன்று எடுக்க வேண்டும், கடை திறந்திருக்காது, இப்போதே