பூவுக்கும் மலைக்கும் நடுவே

மலைப்பாதையில் பாறை இடுக்கில் சின்னதாக ஒரு மஞ்சள் பூ. அதற்கு நேர் பின்னால் பள்ளத்தாக்கு, அதையும் தாண்டி நீலமாக மலைத்தொடர். பூவை மட்டும் படமெடுத்தால் அது எங்கே பூத்த பூவாகவும் இருக்கலாம். இந்த உயரத்தில் நிற்கிற பூ என்று தெரிய மலையும் தெளிவாக விழவேண்டும்.

ஃபோகஸ் செய்த இடத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதோ, அதுதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு. கறாராகப் பார்த்தால் லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பதிக்கும். மற்ற புள்ளிகள் கேமராவுக்குள் ஒளியைப் பதிக்கும் சென்சாரில் குட்டி வட்டங்களாக விழும். அந்த வட்டம் நம் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும்வரை தெளிவு என்கிறோம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) அந்த வட்டத்தின் விட்டத்தை 0.03 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்.

இதற்கெல்லாம் அபர்ச்சர்தான், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளைதான் சாவி என்று பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் தூரம்தான் முதலில். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8 (இந்த எண் கூடக் கூடத் துளை சின்னதாகும், தெளிவின் ஆழம் கூடும்), ஆள் 2 மீட்டர் தள்ளி: தெளிவு சுமார் 17 செ.மீ. அதே ஆளை 1 மீட்டரில் எடுத்தால் வெறும் 4 செ.மீ. தூரம் பாதியானால் ஆழம் கால்வாசியாகிவிடுகிறது! அந்த 17 செ.மீ.யை அபர்ச்சரால் மட்டும் மீட்க எஃப்/8 பக்கம் போகவேண்டும்; வெளிச்சம் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்காகிவிடும்.

அதனால் பூவை ஒட்டிப் போகாமல் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன். 24 மி.மீ. லென்ஸ், எஃப்/11. ஃபோகஸ் பூவிலும் இல்லை, மலையிலும் இல்லை. பூவுக்குக் கொஞ்சம் பின்னால், என்னிடமிருந்து 1.8 மீட்டரில் கிடந்த ஒரு கல்லில். இந்தக் கணக்கில் 0.9 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாமே தெளிவு. இப்படி ஃபோகஸ் செய்யும் அந்த 1.8 மீட்டரை ஹைப்பர்ஃபோக்கல் தூரம் என்பார்கள். நிலக்காட்சி எடுக்கிறவர்கள் கண்டிப்பாகப் பழகவேண்டியது. எஃப்/22 வரை போயிருக்கலாமே என்றால், அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே லேசாகக் குழைந்துவிடும். (1932இல் அமெரிக்க நிலக்காட்சிப் படக்கலைஞர் ஆன்செல் ஆடம்ஸும் நண்பர்களும் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்கள். அவர்களுடையவை பெரிய ஃபிலிம் கேமராக்கள். அங்கே அவ்வளவு சின்னத் துளையும் செல்லுபடியாகும்.) பூ காற்றில் ஆடிக்கொண்டிருந்ததால் ஷட்டர் வேகத்துக்காக ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) கொஞ்சம் ஏற்றினேன்.

அப்புறம் கூட வந்த நண்பர், தன் பின்னால் எல்லாம் மங்கலாக வரவேண்டும் என்றார். பாறையில் சாய்ந்து நின்றிருந்தார். அப்படி நின்றால் எந்த அபர்ச்சரிலும் பாறை பெரிதாக மங்காது. நாலு எட்டு முன்னால் வரச் சொல்லி, நானும் நெருங்கிப்போய் எடுத்தேன். பாறையின் கரடுமுரடெல்லாம் கரைந்துவிட்டது.

போனில் எடுக்கிறவர்களுக்கும் இதுவே. சென்சார் சிறியது, லென்ஸின் ஃபோக்கல் லெங்த்தும் (மேலே 50 மி.மீ., 24 மி.மீ. என்று சொன்னது) சிறியது என்பதால் எல்லாமே தெளிவாக வரும். போர்ட்ரெய்ட் மோடில் வருவது பெரும்பாலும் மென்பொருள் போடும் மங்கல். ஆனால் அதே போனை ஓர் இலைக்கு மிக அருகே கொண்டுபோனால், பின்னணி தானாகவே மங்கும்.