ஃபார்வர்டு முந்திக்கொள்கிறது

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோதுதான், கிராம சுகாதார செவிலியரான என்னைவிட வாட்ஸ்அப் வேகமாக ஊருக்குள் போய்விடும் என்று தெரிந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே. பட்டியல், ஐஸ் பேக், வேக்சின் கேரியர் எல்லாம் தூக்கிக்கொண்டு போய் நின்றால் வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒருத்தனுக்குக் காய்ச்சலாம், இன்னொருத்தி பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாளாம். ஊரில் அன்று எத்தனை பாட்டிகள்!

கடைசியில் ஒரு அம்மாதான் செல்போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்கிற ஓர் ஆண் குரல். பேர் இல்லை, ஊர் இல்லை. வெளிநாட்டுக்காரன் சோதனை செய்கிறான், இதைப் போட்டால் பின்னாடி குழந்தையே பிறக்காது என்று போகிறது பேச்சு. மருந்துக் குப்பியை எடுத்து, புனேயில் தயாரித்தது என்று லேபிளைக் காட்டினேன். தனியார் டாக்டரிடம் காசு கொடுத்துப் போடுகிறார்களே எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி), அதிலும் இதே ரூபெல்லா மருந்து இருக்கிறது என்றும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அது சரிங்க சிஸ்டர், ஆனா இதை அனுப்பினது எங்க அண்ணனாச்சே" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? அந்த டாக்டர் பொய் என்று நிரூபிக்கலாம், அண்ணனைப் பொய்யாக்க முடியுமா? வதந்தியை மறுக்கிறேன் பேர்வழி என்று நாம் பேசப் பேச, அந்தக் குடும்பத்தோடு சண்டைக்கு நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

படித்த தம்பதிகள் வேறு ரகம். அவர்களே தேடிப் பார்த்துவிட்டு வருவார்கள், கேள்வி ஆட்டிசத்தில் போய் நிற்கும். எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரலாம் என்பது 1998-இல் வேக்ஃபீல்டு என்ற டாக்டர் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியது, 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது, அந்த ஆளின் மருத்துவர் பதிவும் போனது. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் பயம் போகாது. காரணமும் உண்டு. தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாவது தவணை போடுவது 16-லிருந்து 24 மாதத்துக்குள். பிள்ளை இன்னும் பேசவில்லையே என்று பெற்றோர் கவலைப்பட ஆரம்பிப்பதும் அதே வயதில்தான். இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று தோன்றிவிடுகிறது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

2021 ஏப்ரலிலும் இதேதான். நடிகர் விவேக் 15-ஆம் தேதி கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? எங்கள் மையத்தில் வரிசை கரைந்தது. இரண்டாவது அலை உச்சத்துக்குப் போனதும் அதே ஆட்கள் ஓடி வந்தார்கள், அப்போது எங்களிடம் மருந்து இல்லை.

இப்போது நான் வதந்திக்குக் காத்திருப்பதில்லை. ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஐந்து நோய்களைத் தடுக்கிற பென்டா ஊசி போடும்போதே, இன்று ராத்திரி காய்ச்சல் வரும், தொடை கொஞ்சம் வீங்கும், பாராசிட்டமால் சொட்டு இவ்வளவு கொடுங்கள், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள் என்று அம்மாவிடம் மட்டுமில்லாமல் கூட வந்த மாமியாரிடமும் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே சொல்லாமல் விட்ட காய்ச்சலுக்குத்தான் பின்னால் வருகிற ஃபார்வர்டு விளக்கம் கொடுக்கிறது. இதையே குரல் பதிவாகப் பேசியும் அனுப்புகிறேன், என் பெயரும் துணை சுகாதார நிலையத்தின் பெயரும் சொல்லி. அது துபாயில் இருக்கிற அப்பாக்கள் வரை போய், அங்கிருந்து சந்தேகம் கேட்டு போன் வருகிறது. பெரும்பாலும் நல்ல கேள்விகள்.

எல்லாரும் மாறிவிடவில்லை. புதன்கிழமை ஊசிக்கு வராத வீடுகள் இன்னும் இருக்கின்றன. செவ்வாய் சாயங்காலமே போன் போட்டுவிடுவேன். மருமகள் எடுக்காவிட்டால் மாமியார் நம்பருக்கு.