கைக்குள் வந்த மீன்

கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிறு காலையில் நடக்கும் எங்கள் அறநெறி வகுப்பில் சென்ற மாதம் திருமாலின் பத்து அவதாரங்களைத் தொடங்கினேன். பெயர்களைக் கரும்பலகையில் எழுதி முடிக்கு முன்பே, முன் வாங்கில் இருந்த ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தி, "ரீச்சர், மச்சாவதாரத்தில வந்தது என்ன மீன்?" என்று கேட்டாள். பின்னால் இருந்த பெடியன்கள் உடனே பாரை என்றும் அறக்குளா என்றும் சுறா என்றும் தமக்குள் முடிவெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பல ஆண்டுகளாக இந்தக் கதையைச் சொல்லிவரும் என்னிடம் அந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அன்று பின்னேரமே பாகவதத்தின் எட்டாவது கந்தத்தை எடுத்து விரித்தேன்.

விடை அதன் 24ஆவது அத்தியாயத்தில் இருந்தது. சத்தியவிரதன் என்னும் அரசன் கிருதமாலை ஆற்றில் நின்று நீர்க்கடன் செய்துகொண்டிருக்கிறான். இரு கைகளையும் சேர்த்து அவன் அள்ளிய நீருக்குள் ஒரு சிறு மீன் வந்து சேர்கிறது. நூல் அதைச் 'சபரீ' என்கிறது. இராமனுக்குக் கனி கொடுத்த சபரி வேறு, இந்தச் சொல் கெண்டையைக் குறிப்பது. உள்ளங்கைக்குள் அடங்கிப் போகும் கெண்டைக்குஞ்சுதான் முதல் அவதாரம். அடுத்து அரசன் என்ன செய்தான் என்பதை நான் இத்தனை காலமும் கவனியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். அவன் அந்த மீனை நீரோடு சேர்த்து ஆற்றிலேயே திரும்ப விட்டுவிடுகிறான். தவறாக எதுவும் அவன் செய்யவில்லை. ஆற்று மீனை ஆற்றில் விடுவதுதானே யாரும் செய்வது. ஆனால் அந்த மீன் அவனைப் பார்த்து, எளியவர்மீது இரக்கமுள்ளவனே, தன் இனத்தையே கொன்று தின்னும் நீர்வாழ் உயிர்களுக்கு நடுவில், பயந்து நடுங்கும் என்னை ஏன் விடுகிறாய் என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அரசன் குனிந்து, அதைக் கமண்டலத்து நீரில் எடுத்துக்கொண்டு போகிறான்.

பின்னர் நடப்பதைப் பிள்ளைகளும் அறிவார்கள். ஒரே இரவில் கமண்டலம் போதாமற் போகிறது. பெரிய சாடியில் விட்டால் ஒரு முகூர்த்தத்துக்குள் மூன்று முழம் வளர்ந்துவிடுகிறது. குளமும் ஏரியும் அதற்குக் காணவில்லை. கடைசியில் கடலில் விடப் போகும்போதும், அங்கே மகரங்கள் என்னைத் தின்றுவிடும் என்று அது சொல்கிறது. ஏரியை நிறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட ஒரு மீன் அப்படிச் சொன்னபோதுதான், தன் கையில் வந்தது யார் என்று அரசனுக்கு விளங்குகிறது. ஏழாம் நாள் மூவுலகும் நீரில் மூழ்கும், ஒரு படகு வரும், மூலிகைகளையும் விதைகளையும் ஏழு முனிவரையும் ஏற்றிக்கொள், வாசுகிப் பாம்பைக் கயிறாக்கி என் கொம்பில் கட்டு என்று இறைவன் சொல்கிறார். படகு புறப்பட்ட பின்னர் அந்தப் பிரளய இரவு முழுவதும் அரசனுக்கு அவர் ஞானம் உரைக்கிறார். வேதங்களைக் கவர்ந்து சென்ற அயக்கிரீவன் என்னும் அசுரனைக் கொன்று அவற்றை மீட்டுக் கொடுக்கிறார்.

சத்தியவிரதனைப் பாகவதம் 'திராவிடேசுவரன்' என்று அழைக்கிறது. கிருதமாலையை மதுரையின் வைகையோடு சேர்த்துப் பார்ப்பது மரபு. ஆக, கொடியில் மீனைக் கொண்டிருந்த பாண்டியரின் ஆற்றங்கரையில், தமிழ் மண்ணில், இந்தக் கதை நடப்பதாக நூல் வைத்திருக்கிறது. ஆனால் கதை அங்கே பிறக்கவில்லை. அதைவிட மிகப் பழையதான, வேள்விச் சடங்குகளை விளக்கும் வேத நூலான சதபத பிராமணத்தில், காலையில் கை கழுவக் கொண்டுவந்த நீரில் மனித குலத்தின் முதல்வனான மனுவின் கைக்கு ஒரு மீன் வருகிறது. என்னை வளர், நான் உன்னைக் காப்பேன் என்கிறது. அங்கே திருமாலின் பெயரே கிடையாது. மகாபாரதத்தின் வனபர்வத்தில் அதே மீன், நானே பிரஜாபதியாகிய பிரமன் என்று தன்னை வெளிப்படுத்துகிறது. புராண காலத்தில்தான் அது திருமாலின் அவதாரமாக நிலைபெறுகிறது. ஆமையும் பன்றியும் அப்படியே. பழைய பிராமண நூல்களில் அவை பிரஜாபதியின் வடிவங்களாக இருந்தவை. இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று எங்கள் ஆசிரியர்களுள் சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. தெய்வத்தின் பெயர் மாறியும், ஆறு மாறியும், அரசன் மாறியும், கைக்குள் வரும் சிறு மீனும் அது கேட்கும் அடைக்கலமும் மட்டும் மாறாமல் நின்றிருக்கின்றன என்றால், கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்பது அதனாலேயே தெரிகிறது.

மீன், ஆமை, பன்றி, பாதி மிருகம், குறள் (குள்ள உருவம்) என்ற வரிசை உயிர்களின் பரிணாமத்தை அன்றே சொல்லிவிட்டது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். 1877இல், பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் தம் நூலில் இதை எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து அவரும் அச்சபையை அவருடன் நிறுவிய ஒல்கொட்டும் இங்கே காலித் துறையில் வந்திறங்கினார்கள். அந்த விளக்கத்தை நான் வகுப்பில் சொல்வதில்லை. பத்து என்ற கணக்கே பிற்காலத்தில் நிலைபெற்றது. பாகவதத்தின் முதற்கந்தத்தில் இருபதுக்கும் மேற்பட்ட அவதாரங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அங்கே பன்றி முன்னால் நிற்க, மீன் பின்னால் வருகிறது. வற்றாத ஏரியிலிருந்து பிரியும் வாய்க்கால்களைப் போல அவதாரங்கள் எண்ணில் அடங்காதவை என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. வரிசை தெய்வத்தின் கட்டளை அன்று. அதை விஞ்ஞானப் பாடமாக்கினால், பிள்ளையின் கவனம் மீன் கேட்ட கேள்வியிலிருந்து மீனின் செதிலுக்குப் போய்விடுகிறது.

'அவதாரம்' என்ற சொல்லுக்கு இறங்கி வருதல் என்பது பொருள். இறங்குதல் என்றால் வானத்திலிருந்து மண்ணுக்கு வருதல் என்றுதான் முன்பு விளக்கி வந்தேன். இப்போது அது போதாது என்று படுகிறது. காப்பவன் காக்கப்பட வேண்டியவனாக வருகிறான்; கொடுப்பவன் கேட்பவனாக வருகிறான்; இறங்குதல் என்பது அதுதான். பாகவதத்தில் மச்சாவதாரத்துக்கு நேர் முன்னே நிற்பது வாமனன் கதை என்பதை எத்தனையோ முறை வாசித்தும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. அங்கேயும் ஒரு சிறிய உருவம், அங்கேயும் ஓர் அரசன், அங்கேயும் கையில் நீர். மாபலியின் மனைவி விந்தியாவலி பொற்குடத்தில் நீர் கொண்டுவருகிறாள். குருவாகிய சுக்கிரர் தடுத்தும் கேளாமல், வந்த பிள்ளையின் கால்களைக் கழுவி, அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, மூன்றடி மண்ணை மாபலி தாரை வார்க்கிறான். குறள் உருவம் வளர்ந்து உலகை அளக்கிறது. கெண்டை வளர்ந்து படகை இழுக்கிறது. கண்ணனையும் இந்த வழியிலேயே நினைக்கிறேன். சிறையில் பிறந்த அந்தக் குழந்தையை ஒருவர் தூக்கிக்கொண்டு இரவில் யமுனையைக் கடக்காவிட்டால் கதையே இல்லை. எல்லா அவதாரமும் இதற்குள் அடங்கிவிடாது. நரசிங்கம் யாரிடமும் அடைக்கலம் கேட்டு வரவில்லை. தூணைப் பிளந்துகொண்டு வந்தது. பரசுராமன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதே எனக்குச் சிரமம். இவ்வாண்டும் சுருக்கமாகவே சொல்லிக் கடந்தேன்.

பலகையில் எழுதிய பட்டியலில் புத்தர் இல்லாததைக் கண்டு, வேறு இடத்தில் படித்த ஒரு பையன் காரணம் கேட்டான். திருமங்கையாழ்வார் திருக்கண்ணபுரத்துப் பதிகத்தில் "மீனோ டாமை கேழல் அரிகுறளாய்" என்று தொடங்கி, மூன்று இராமர்களையும் தாமோதரனையும் கற்கியையும் சொல்லிப் பத்தை நிறைக்கிறார். மூன்றாம் இராமன் பலராமன். நான் பின்பற்றுவது அந்தப் பட்டியலை. புத்தரைச் சேர்க்கும் பட்டியல்களும் பழையனவே, கீதகோவிந்தத்தில் ஜயதேவர் பாடியதும் அதுதான். ஆனால் தேவர்களின் பகைவரை மயக்குவதற்காக வந்த அவதாரம் என்று பாகவதம் அதற்குச் சொல்லும் காரணத்தை, கொழும்பில் பௌத்தக் குடும்பங்களுக்கு அடுத்த கதவில் வாழும் பிள்ளைகளின் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய விகாரைகளில் நீலநிறத்து விஷ்ணு இந்தத் தீவின் காவல் தெய்வமாக நிற்கிறார். இத்தீவுக்கு வந்திறங்கிய விசயனின் கூட்டத்தார் மீது நீர் தெளித்துக் கையில் நூல் கட்டியதாகப் பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் உற்பலவர்ண தேவனோடு அவரை இணைத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. எங்கள் மாடியில் இருக்கும் சிங்கள அம்மா போயா (பௌர்ணமி) நாளில் அந்தச் சந்நிதியில் வைத்த பூவில் ஒன்றை எனக்கும் கொண்டுவந்து தருவார். அந்தப் பூவை வாங்கும்போது எந்தப் பட்டியலும் என் நினைவுக்கு வருவதில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தவள். மச்சாவதாரத்தை எனக்கு முதலில் சொன்னது புத்தகம் அன்று, அம்மம்மா. அவருடைய கதையில் சத்தியவிரதனும் இல்லை, மனுவும் இல்லை. லவல்லி என்று கரையோரத்துப் பெண் ஒருத்தி, பிள்ளை இல்லாதவள், நெடுநாள் தவமிருந்தவள். கடலில் ஒரு பெரிய மீன் வலைஞருக்கெல்லாம் போக்குக் காட்டிக்கொண்டு துள்ளித் திரிகிறது. எந்த வலையிலும் அகப்படாத அந்த மீன், லவல்லி வந்ததும் தானாகத் துள்ளி அவளுடைய மடியில் விழுகிறது. இந்த இடத்தில் அம்மம்மா சேலைத் தலைப்பை விரித்து, மடியைக் கொஞ்சம் உள்வாங்கி, பாரமான ஏதோ உண்மையில் வந்து விழுந்ததுபோலப் பின்னால் சாய்வார். பிறகு குனிந்து மடியைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நாங்கள் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். மீன் மறைந்து சக்கரம் தோன்றியது. அதைக் கொண்டுவந்து வைத்த இடந்தான் வல்லிபுரம். இன்றும் வல்லிபுர ஆழ்வார் கோயிலின் மூலத்தானத்தில் இருப்பது சக்கரமே. வடபகுதியின் மேற்குக் கரையில் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்கு இதைப் போலவே ஓர் ஆமைக் கதை உண்டு: வலையில் பாரமாக ஓர் ஆமை அகப்பட்டுக் கல்லாயிற்று என்பார்கள். மீனும் ஆமையும் வேதியர் நூல்களில் இருந்து எங்கள் கரைக்கு வந்தனவா, அல்லது எங்கள் கரையில் முன்பே இருந்த ஏதோவொன்று அந்தப் பெயர்களை ஏற்றுக்கொண்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வலையும் மடியும் அறிந்தவர்கள் சொன்ன கதை என்பது கேட்கும்போதே தெரிகிறது. அரசனின் உள்ளங்கைக்கு வந்த மீன், இங்கே பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் மடிக்கு வந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 வரைக்கும் பிரளயத்தை நான் ஒரு அற்புதமாகவே சொல்லிவந்தேன். அந்தக் காலையில் கடல் வடமராட்சியின் கிழக்குக் கரையோரக் கிராமங்களுக்குள் ஏறியது. எங்கள் உறவில் ஒரு குடும்பத்தில் ஐந்து பேரில் இருவர்தான் மிஞ்சினார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் மச்சாவதாரத்தை வகுப்பில் தொடவே என்னால் முடியவில்லை; படகில் ஏறாதவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் என்ன சொல்வேன் என்ற பயம் இருந்தது. திரும்பச் சொல்லத் தொடங்கியபோது, ஏழாம் நாள் வெள்ளத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, முதல் நாள் காலையில் கைக்குள் வந்த நீரிலேயே நெடுநேரம் நிற்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் விடையைச் சொன்னேன். கெண்டை என்றதும் பின் வாங்குப் பெடியன்களுக்குப் பெரிய ஏமாற்றம். எல்லோரையும் இரு கைகளையும் சேர்த்துப் பிடிக்கச் செய்து, செம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினேன். விரலிடுக்கால் ஒழுகத் தொடங்கியதும் சத்தம் போட்டார்கள். பிறகு, ஒழுகாமல் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்று தெரிந்து, ஒவ்வொருவராக வாய்மூடித் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேள்வி கேட்ட பிள்ளை மட்டும் வாளிவரை நடந்துபோய், கையில் மிஞ்சியிருந்ததைப் பக்குவமாக அதற்குள் ஊற்றிவிட்டு வந்தாள்.

புரட்டாதியில் வல்லிபுரத்துத் தேரும் கடல் தீர்த்தமும் வரும். பெற்றோர் சம்மதித்தால் இம்முறை பிள்ளைகளை இரவு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். அதைச் சொன்னபோது அவள், "அங்க கோயிலுக்குள்ள மீன் இருக்குமா, ரீச்சர்?" என்று கேட்டாள். மூலத்தானத்தில் சக்கரம் மட்டுந்தான் இருக்கிறது என்றேன். "அப்ப மீன் எங்க போனது?" என்றாள். கோயிலிலிருந்து மணலில் நடந்தால் கடல் வந்துவிடும், சுவாமியும் தீர்த்தத்துக்கு அங்கேதான் போவார், நாங்களும் பின்னால் போய்ப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.