சாவியை இறக்கி அனுப்புங்க: ஒரு போனோகிராஃப் வந்து சேர்ந்த கதை

நேற்று ராத்திரி என் மேசை மேல் ஒரு எடிசன் ஸ்டாண்டர்டு பாடியது. தட்டுக்குப் பதில் மெழுகு உருளையைச் சுழற்றிப் பாடும், சாவி கொடுத்து ஓட்டும் பழைய போனோகிராஃப் அது. மொத்தமே 2 நிமிடம். அந்த 2 நிமிடத்துக்கு ஏழு வாரம் ஆனது, அதில் பாதி பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசியே போனது. நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவன்.

மூன்று வருஷத்துக்கு முன் தட்டு சுற்றும் கிராமஃபோன் ஒன்று வாங்கினேன். கூரியரில் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு கீறல் இல்லை. திறந்தால் உள்ளே மோட்டார் பலகையைப் பிய்த்துக்கொண்டு கீழே கிடக்கிறது. சுழல்தட்டு அச்சிலிருந்து கழன்று, ஓடுகிற வண்டிக்குள்ளே அதுபாட்டுக்கு உருண்டு, மரத்தின் உள்பக்கம் முழுவதையும் கொத்தி வைத்திருந்தது. பெட்டியைச் சுற்றி பபிள் ராப் மட்டும் ஏழெட்டுச் சுற்று! வெளியிலிருந்து வரும் அடிக்குத்தான் அந்தக் கவசம் எல்லாம். என் கிராமஃபோனை அடித்ததோ அதன் சொந்த இரும்பு. நூறு வருஷத்து மரம், அதில் நாலு சின்ன ஸ்க்ரூ, அவற்றில் தொங்கும் கனமான மோட்டார். பெட்டியை யாராவது இரண்டடி உயரத்திலிருந்து ‘தொப்’பென்று வைத்தாலே போதும்.

அதனால் இந்த முறை ஒரே முடிவு: சொன்னபடி பெட்டி கட்டித் தர ஒத்துக்கொள்ளும் ஆளிடம்தான் வாங்குவது. மெஷின் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

வாரம் 1

தேடல். பளபளக்கும் பித்தளை ஹாரன், பக்கத்தில் எச்.எம்.வி. நாய் படம் என்று இருப்பதையெல்லாம் முதல் நாளே தள்ளினேன். பழைய உதிரிகளையும் புது மரத்தையும் சேர்த்துக் கட்டிய போலிகள் ஏராளம். அந்த நாய் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபிரான்சிஸ் பாரோ வரைந்த மூல ஓவியத்தில் அந்த நாய் கேட்டுக்கொண்டிருந்தது உருளை ஓடும் போனோகிராஃபைத்தான். 1899இல் கிராமஃபோன் கம்பெனி ஓவியத்தை வாங்கியபோது, அதன் மேலேயே தட்டு கிராமஃபோனை வரைந்து கொடுத்துவிட்டார். ஆக, எடிசன் பக்கத்து நாயை, தட்டு கிராமஃபோனைக் கண்டுபிடித்த பெர்லினர் பக்கத்து ஆட்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு வேண்டியது உருளை மெஷின். 1898இல் வந்த ஸ்டாண்டர்டு வகை, சின்னது, நிறையத் தயாரானது, உதிரி கிடைக்கும். பழகுவதற்கு அதுதான் சரி.

வாரம் 2

ஒருவர் சிக்கினார். வயதானவர், தாத்தா வைத்திருந்த மெஷினை விற்கிறார். நான் கேட்ட படங்கள்: மேல்தகட்டைத் தூக்கி அடியில் தொங்கும் மோட்டார், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூன்று எடைகளும் அவற்றைப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங்குகளும், ஃபீட் ஸ்க்ரூவின் மரை, அதன் மேல் உட்காரும் அரை நட்டின் பல், உருளை மேல் ஊசியை ஓட்டி ஒலி எழுப்பும் ரீப்ரொட்யூசரின் அடிப்பக்கம். அதில் மரையும் அரை நட்டும் முக்கியம். அந்த மரைதான் ரீப்ரொட்யூசரை உருளை மேல் அங்குலத்துக்கு 100 வரி (பாட்டு பதிந்த பள்ளம்) என்ற கணக்கில் நகர்த்துகிறது. அரை நட்டின் பல் மழுங்கியிருந்தால் ஊசி ஒரே வரியில் நின்று சொன்னதையே சொல்லும்.

“நீல உருளை நாலு இருக்கு தம்பி, அதையும் சேர்த்துத் தர்றேன்” என்றார். மனசு துள்ளியது. உடனே அடக்கிக்கொண்டேன். நீலம் என்றால் புளூ ஆம்பரால், 1912இல் வந்த செல்லுலாய்டு உருளை. அது 4 நிமிட ரகம், அங்குலத்துக்கு 200 வரி. இவர் மெஷினில் 2 நிமிட கியரும் அதற்கான சி மாடல் ரீப்ரொட்யூசரும் மட்டுமே. அந்த ஊசி இந்த மெல்லிய வரியில் உட்காராது. இதையே திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: நீல உருளைக்கான வைர ஊசி ரீப்ரொட்யூசரை மெழுகு உருளை மேல் வைத்தால், பாட்டைக் கேட்கிற கையோடு உழுது எடுத்துவிடும். நீலத்தை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளச் சொல்லி, கறுப்பு மெழுகு உருளைகள் இரண்டை மட்டும் கேட்டேன்.

வாரம் 3 முதல் 5 வரை

பணம் பேசி முடிந்தது. பெட்டி கட்டும் படலம் ஆரம்பம்.

முதல் போனிலேயே திடுக்கிட்டேன். “சாவி முழுசாக் கொடுத்து வச்சிருக்கேன். வந்ததும் நீங்க பிரேக்கை எடுத்தா போதும், பாடும்.”

“ஐயா, தயவு செஞ்சு அதை இறக்கிடுங்க. முழுசா ஓடி நிக்கட்டும்.”

“எதுக்கு? வந்ததும் திரும்பச் சுத்தணுமே?”

முறுக்கேறிய ஸ்பிரிங்கோடு போகிற மெஷின், வழியில் ஒரு குலுக்கலில் பிரேக் நழுவினால் பெட்டிக்குள்ளேயே ஓட ஆரம்பிக்கும். சுற்றியிருக்கும் துணியை இழுக்கும், கவர்னர் ஸ்பிரிங் அறும். அதோடு பழைய ஸ்பிரிங் முழு விசையில் இருக்கும்போது அதிர்ந்து அறுந்தால், கியர் பல்லையும் கூட்டிக்கொண்டுதான் போகும். இதை விளக்கியதும் அவர் போனை மேசையில் வைத்துவிட்டு, ரீப்ரொட்யூசரைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை எடுத்தார். அந்தப் பக்கம் சர்ரென்று ஓடுவதை நான் இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாகி, தயங்கி, நின்றது. வாங்கிய மெஷினின் சத்தத்தை முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

மீதியைத் துண்டு துண்டாக எழுதி அனுப்பினேன். சாவிக் கைப்பிடி தனி. ரீப்ரொட்யூசர் கழற்றி, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில். 14 அங்குல ஹாரன் தனிப் பெட்டியில். வாய்க்குள் கசக்கிய காகிதம், விளிம்பு எந்தச் சுவரிலும் படாமல் நடுவில் மிதப்பதுபோல் கட்டணும். ரீப்ரொட்யூசர் ஏறும் நகரும் கையை வெள்ளைத் துணி நாடாவால் கட்டணும், டேப் கூடாது. அடியில் தொங்கும் மோட்டாருக்கும் மரப்பெட்டியின் தரைக்கும் நடுவே அழுத்தமான ஸ்பாஞ்ச் ஒரு துண்டு, கவர்னரைத் தொடாமல். என் பழைய கிராமஃபோனுக்கு யாராவது இந்த ஒன்றைச் செய்திருந்தால் அது இன்று பாடிக்கொண்டிருக்கும்.

மூடி மேல் ஒரு கைப்பிடி இருக்கும். பார்த்தால் பிடித்துத் தூக்கத் தோன்றும். தூக்கினால் பழைய கொக்கி விட்டுக்கொடுத்து, மூடி கையிலும் மெஷின் தரையிலும் இருக்கும். ஆகவே மூடியோடு சேர்த்து அடியையும் சுற்றி நாடா போடச் சொன்னேன்.

அவர் உதிரி தெர்மாகோல் உருண்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்தார். அதற்குத் தடா. அந்த உருண்டை ஒன்று எண்ணெய்ப் பசையுள்ள கியருக்குள் புகுந்தால் நாள்கணக்கில் நோண்ட வேண்டும். மரத்தூளும் அப்படியே.

பபிள் ராப்பை மரத்தின் மேல் நேராகச் சுற்ற வேண்டாம் என்றபோதுதான் கொஞ்சம் கோபப்பட்டார். “அதுகூடவா கூடாது?” பழைய வார்னிஷ் வண்டிச் சூட்டில் இளகும், பபிளின் வட்டங்கள் அப்படியே அச்சாகிவிடும். எழுத்து பொறித்த முன்பக்கத்தில் டேப் ஒட்டினால் உரிக்கும்போது எழுத்தும் வரும். முதலில் பழைய பருத்தித் துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக், அப்புறம் எத்தனை பபிள் வேண்டுமானாலும் சுற்றலாம்.

இதையெல்லாம் ஒரு பெட்டியில் இறுக்கி, அதை இன்னும் பெரிய பெட்டிக்குள், ஆறு பக்கமும் நாலு விரற்கடை இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் ஸ்பாஞ்ச். கடைசிப் பரீட்சை ஆட்டிப் பார்ப்பது. வீடியோவில் அவர் பெட்டியைக் குழந்தையைப் போல் இரு கையிலும் ஏந்தி, காதை ஒட்டி வைத்து ஆட்டினார். “டொக்குன்னு ஒண்ணு கேக்குது.” பிரித்தார். சாவிக் கைப்பிடிதான், சுற்றிய துணியிலிருந்து நழுவியிருந்தது. மறுபடி கட்டினார். அந்த ஒரு ‘டொக்’குக்காக முழுதாகப் பிரித்துக் கட்டிய மனுஷர், கோபப்பட்டதெல்லாம் எனக்கு அப்போதே மறந்துபோனது.

இன்ஷூரன்ஸ் ஒரு தனிப் புலம்பல். முதலில் கேட்ட கூரியரில் தொகையைச் சொல்லிக் கட்டலாம் என்றார்கள். நிபந்தனையைப் படித்தால் பழம்பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டாவதாகக் கேட்ட இடத்தில் எழுத்து மூலம் ஒத்துக்கொண்டார்கள். கட்டுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் எடுத்து வைத்தோம். ‘உடையக்கூடியது’ என்ற ஸ்டிக்கர் ஒட்டினோமா என்று கேட்காதீர்கள். ஒட்டினோம், திருஷ்டிப் பொட்டு மாதிரி.

வாரம் 6

வந்தது. வெளிப்பெட்டியின் ஒரு மூலை நன்றாக நசுங்கி உள்வாங்கியிருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. போனில் வீடியோ ஓடவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன். உள்பெட்டி: ஒன்றுமில்லை. துணி: சுருக்கம்கூட இல்லை. மேல்தகட்டைத் தூக்கினால் மோட்டார் தன் இடத்தில், கவர்னர் எடைகள் மூன்றும் முறைத்துப் பார்க்கின்றன. ஹாரனில் பழைய நெளிவு ஒன்று, அது படத்திலேயே இருந்தது.

நகரும் கையை மெதுவாக ஒதுக்கினால், மேண்ட்ரல் மேல் ஒரு கறுப்பு உருளை.

உருளையைச் செருகும் உலோகத் தண்டு அது, ஒரு பக்கம் மெலிந்து போகும். ‘சும்மா இருக்கும் இடம்தானே, அங்கேயே பத்திரமாக இருக்கட்டும்’ என்று ஒன்றை அதில் மாட்டி அனுப்பியிருக்கிறார். மெழுகு குளிரில் சுருங்கும், உலோகம் அந்த அளவுக்குச் சுருங்காது. நீளவாட்டில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மயிரிழையாக ஒரு விரிசல். இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்து எடுக்கப் பார்த்தேன். கையோடு இரண்டாக வந்தது. பாட்டு கேட்டு முடித்ததும் உருளையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது பாலபாடம். அவ்வளவு எழுதிய நான் இந்த ஒரு வரியை எழுதவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போனில் அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

வாரம் 7

ஒரு நாள் முழுக்க மெஷினைத் தொடாமல் அறைச் சூட்டுக்குப் பழக விட்டேன். பிறகு பழைய எண்ணெயைத் துடைத்து, தாங்கு இடங்களில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, கவர்னரை உரசும் தோல் துண்டிலும் ஒரு சொட்டு. அந்தத் தோல் காய்ந்திருந்தால் கீச்சிடும். மோட்டாரிலிருந்து மேண்ட்ரலுக்குப் போகும் தோல் பெல்ட் கருவாடாக இருந்தது, புதிது போட்டேன். ரீப்ரொட்யூசருக்குள் டயஃப்ரத்தை, அதாவது ஊசியோடு அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய வட்டைப் பிடிக்கும் ரப்பர் வளையங்கள் கல்லாகிக் கிடந்தன. அவற்றையும் மாற்றினேன். இந்த வேலையை மட்டும் அவசரப்படாமல் செய்யணும். வளையம் இறுகிப்போனால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும்.

வேகம் நிமிடத்துக்கு 160 சுற்று இருக்க வேண்டும். மேண்ட்ரலில் காகிதத் துண்டு ஒட்டி, போனில் படம் எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணினேன். 15 விநாடிக்கு 43. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினேன், 41. இன்னும் கொஞ்சம். 40.

தப்பித்த இரண்டாவது உருளையைச் செருகினேன். முதலில் வறுக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஓர் ஆள் உரக்கப் பாட்டின் பெயரைச் சொன்னார், அந்தக் கால உருளைகளில் அது வழக்கம். பிறகு பேண்டு வாத்தியம். பாதியில் ஸ்பிரிங் டப்பாவுக்குள் ‘தட்’ என்று ஓர் உதை, பாட்டு ஒரு நொடி மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தது. உள்ளே கிரீஸ் கெட்டியாகி, ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொண்டு விடுகின்றன என்று அர்த்தம். டப்பாவைத் திறந்து ஸ்பிரிங்கை வெளியே எடுக்கணும். கை கிழியும் வேலை, தடித்த கையுறை வாங்கிய பிறகுதான்.

வெளிப்பெட்டியை எறியவில்லை. நசுங்கிய மூலையோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.